இசிப்பிங்கோ மாரியம்மனுக்கு ஏன் புனித வெள்ளியில் திருவிழா?

மதுரைக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வேலை நிமித்தமாகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஆண்டிலிருந்தே மனத்தில் கிடக்கும் ஒரு கேள்வியை இங்குள்ள பெரியவர்கள் முன் வைக்கிறேன்.

சென்ற முறை என் மனைவியுடன், டர்பனுக்குத் தெற்கே உள்ள இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் பால்குடம் எடுத்துச் சென்றேன். அன்று புனித வெள்ளி. விடிவதற்கு முன்பே வரிசை தெருவைத் தாண்டி நின்றது. எனக்கு முன்னால் மஞ்சள் புடவையில் ஒரு பாட்டி நின்றார். பின்னால், கழுத்துச் சங்கிலியில் சிறிய சிலுவை அணிந்த ஓர் இளைஞர், தோளில் உறங்கும் குழந்தையுடன் நின்றார். பேச்சுக் கொடுத்தேன். குழந்தைக்கு அம்மை போட்டு இறங்கியது என்றும், தம் தாயார் நேர்ந்துகொண்டதைச் செலுத்த வந்ததாகவும், பிற்பகல் மூன்று மணி ஆராதனைக்கு மனைவியின் சபைக்குப் போய்ச் சேர வேண்டும் என்றும் அவர் சொன்னார். இதில் வியக்க என்ன இருக்கிறது என்ற தோரணையில்தான் சொன்னார்.

ஆடி வெள்ளிதான் அம்மனுக்கு உரிய நாள் என்று கேட்டு வளர்ந்தவன் நான். இயேசுநாதர் சிலுவையில் மரித்த நாளாகக் கிறிஸ்தவர்கள் துக்கம் காக்கும் நாளில் மாரியம்மனுக்குத் திருவிழா எடுப்பது எப்படி வந்தது? ஏதேனும் சாத்திரக் கணக்கு உண்டா, அல்லது தற்செயலா? தவறாக எண்ண வேண்டாம். இதை ஆடிக்கு மாற்ற வேண்டும் என்று யாரும் கேட்டதே இல்லையா?

---

சாட்ஸ்வொர்த் ஆசிரியை எழுதியது:

தம்பி, கேள்வியில் தவறொன்றும் இல்லை. சாத்திரக் கணக்கு இல்லை, தற்செயலும் இல்லை. அது கரும்புத் தோட்டத்துக் கணக்கு.

1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து 342 பேருடன் ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. அன்றிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் அடங்கிய நேட்டால் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், முதல் ஆண்டில் மாதத்துக்குப் பத்து ஷில்லிங் கூலி, தோட்டத்தை விட்டு வெளியே போகச் சீட்டு. இந்த நிலையில் இருந்தவர்களிடம் போய், ஆடி மாதம் மூன்றாம் வெள்ளி எப்போது வருகிறது, அன்று வேலைக்கு வர மாட்டோம் என்று சொல்லுங்கள் என்றால் எப்படிச் சொல்லியிருப்பார்கள்? துரைமார் தங்கள் சாமிக்காக ஆலையை நிறுத்திய நாள்களில் இவர்களுக்கும் ஓய்வு கிடைத்தது. அந்த ஓய்வில் அம்மனைக் கும்பிட்டார்கள். இசிப்பிங்கோக் கோயில் 1870இல் தோன்றியது என்பார்கள். ஈஸ்டர் திருவிழாவுக்குச் சொல்லப்படும் காரணம் இதுதான். தென்கடற்கரைத் தோட்டமொன்றின் கூலி லயத்தில் பிறந்த என் ஆயா இதையே இன்னும் சுருக்கமாகச் சொல்வார்: “துரைக்குச் சாமி செத்த நாள், நமக்கு அம்மா வந்த நாள்.”

மற்றொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்றைய பிள்ளைகள் இதை நம்ப மறுக்கிறார்கள். ஒப்பந்தக் காலத்தில் இந்தியக் கூலிகளுக்கென்று கிடைத்த ஒரே பெரிய விடுமுறை முஹர்ரம். வெள்ளைக்காரர்கள் அதைக் ‘கூலிக் கிறிஸ்துமஸ்’ என்று ஏளனமாக அழைத்தார்கள். காகிதத்திலும் மூங்கிலிலும் கட்டிய, தாசியா என்னும் கல்லறை மாதிரிக் கூடுகளைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரை வரை ஊர்வலம் போனவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். தஞ்சை மாவட்டத்தில் முஹர்ரமை அல்லாசாமிப் பண்டிகை என்று சொல்லி, கை வடிவப் பஞ்சா தூக்கிப் பழகியவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றியிருக்காது. 1908இல் வந்த சுவாமி சங்கரானந்தர்தான் இந்துக்கள் முஹர்ரமை விட்டுவிட்டுத் தீபாவளியைத் தங்கள் பண்டிகையாகக் கொள்ள வேண்டும் என்று வற்புறுத்தி, அதற்கு விடுப்புக் கேட்டுப் போராடினார். தீபாவளியைப் பெற்றுத் தந்ததற்கு அவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த ஆற்றங்கரை ஊர்வலத்தில் நாம் நடந்தோம் என்பதே நம் நினைவிலிருந்து போய்விட்டதை எண்ணும்போது எனக்கு ஒரு பக்கம் வருத்தம்தான்.

---

ஆகமப்பிரியன் எழுதியது:

ஆசிரியை அவர்கள் கூறிய வரலாற்றை மறுக்கவில்லை. முன்னோர் வேறு வழியின்றிச் செய்ததை நான் குறை கூறவும் இல்லை. ஆனால் வேறு வழியின்றிச் செய்ததை, வழி பிறந்த பிறகும் தொடர்வது ஏன் என்பதே என் கேள்வி. நிறவெறி ஆட்சி முடிந்த 1994க்குப் பிறகு நம் வழிபாட்டுக்கு எந்தத் தடையும் இல்லை. பஞ்சாங்கம் கைப்பேசியில் கிடைக்கிறது. முறையாகப் பயின்ற குருக்கள் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருகிறார்கள். இருந்தும், நம் பேரப்பிள்ளைகள் ‘ஈஸ்டர் பிரேயர்’ என்று சொல்லித்தான் மாரியம்மன் கோயிலுக்கு வருகிறார்கள். பங்குனி என்று ஒரு மாதம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

நல்லிணக்கம் நல்ல சொல்தான். ஆனால் யார் யாரோடு இணங்குகிறார்கள் என்பதைக் கணக்கிட வேண்டும். 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டு இந்தியர்களில் இந்துக்கள் பாதிக்கும் குறைவு. இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் தனித்தனியே ஏறத்தாழக் கால் பங்கினர். அந்தக் கிறிஸ்தவர்களில் பெரும் பகுதியினர் ஒரு தலைமுறைக்கோ இரண்டு தலைமுறைக்கோ முன்பு நம் கோயில்களில் காவடி எடுத்தவர்களின் பிள்ளைகள். எல்லை தெளிவாக இல்லாத இடத்தில் கரைந்துபோவது எப்போதும் ஒரு பக்கம்தான் என்று சொன்னால் என்னைக் குறுகிய மனம் படைத்தவன் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.

---

சாட்ஸ்வொர்த் ஆசிரியை எழுதியது:

அப்படி யாரும் சொல்லவில்லை, ஐயா. பிள்ளைகளுக்குப் பங்குனி தெரியவில்லை என்ற உங்கள் கவலை என் கவலையும்தான். சனிக்கிழமைகளில் பன்னிரண்டு பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களில் நால்வருக்குத்தான் தமிழ் மாதங்களின் பெயர் தெரியும்.

ஆனால் கணக்கைச் சரியாகப் போடுவோம். புனித வெள்ளி மார்ச் 20க்கு முன் வருவதில்லை, ஏப்ரல் 23க்குப் பின் வருவதும் இல்லை. பங்குனி மார்ச் நடுவில் பிறக்கிறது. சித்திரை ஏப்ரல் 14 வாக்கில் பிறக்கிறது. ஆக, புனித வெள்ளி எந்த ஆண்டிலும் பங்குனியையோ சித்திரையையோ விட்டு வெளியே போவதே இல்லை. சமயபுரத்தாளுக்குத் தேர் எப்போது? சித்திரையில். விருதுநகர்ப் பராசக்தி மாரியம்மனுக்குப் பொங்கல் எப்போது? பங்குனியில். (மதுரைத் தம்பி, விருதுநகர் உங்கள் ஊரிலிருந்து எத்தனை மைல்?) எழுதப் படிக்கத் தெரியாத கூலிகள் துரையின் நாள்காட்டியில் ஒரு வெள்ளியைப் பிடித்தார்கள், அது அம்மனின் பருவத்திலேயே விழுந்தது. ஆடியில் கூழ் ஊற்றுவதும் இங்கே நின்றுவிடவில்லை, தெருவுக்குத் தெரு நடந்துகொண்டுதான் இருக்கிறது.

“வழி பிறந்துவிட்டது” என்கிறீர்கள். தீபாவளிக்கே இந்நாட்டில் பொது விடுமுறை கிடையாது. 1994ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டத்தில் புனித வெள்ளியும், அடுத்த திங்கட்கிழமை குடும்ப தினமாகவும் இருக்கின்றன. நான்கு நாள் சேர்ந்தாற்போல் கிடைப்பதால்தான் ஜொஹானஸ்பர்க்கில் வேலை பார்க்கும் என் மகன் ஆறு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு அம்மன் முன் வந்து நிற்கிறான். ஆடி மாதம் ஒரு புதன்கிழமையில் அவனை வரச் சொல்லிப் பாருங்கள்.

---

காயல் வணிகர் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். காயல்பட்டினத்தைச் சேர்ந்தவன். கிரே தெருவில், அதாவது இப்போது டாக்டர் யூசுஃப் தாது பெயரால் வழங்கும் தெருவில், துணி வணிகம் செய்யும் உறவினரிடம் பதினொரு ஆண்டுகளாக இருக்கிறேன். இசிப்பிங்கோ பற்றிய இழையில் என்னைப் போன்றவனுக்கு என்ன வேலை என்று முதலில் ஒதுங்கியிருந்தேன். முஹர்ரம் பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

எங்கள் கடைவாசலில் நின்று பார்த்தால் ஜும்ஆப் பள்ளிவாசலின் தங்க நிற மினாராக்கள் தெரியும். 1881இல் வாங்கிய இடத்தில் சிறிதாகத் தொடங்கி வளர்ந்த பள்ளி அது. அதையடுத்த மதரஸா ஆர்கேடு என்னும் நீண்ட கடைச்சந்துக்குள் நுழைந்து மறுபுறம் வெளியே வந்தால் கத்தோலிக்கரின் இம்மானுவேல் பேராலயத்தின் அருகில் நிற்பீர்கள். இன்று அந்தப் பக்கத்துத் தெருவுக்கு, நிறவெறி ஆட்சியை எதிர்த்து நின்ற பேராயர் டெனிஸ் ஹர்லியின் பெயர். பள்ளிவாசலுக்கும் பேராலயத்துக்கும் நடுவே அந்தச் சந்தில் விற்பவை மணிமாலை, தையல் நூல், மலிவு விலைக் காலணி, பக்கத்தில் கொஞ்சம் ஊதுவத்தி. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் ஜூலு மக்கள். இதை நான் புனிதமான காட்சியாக விவரிக்கவில்லை. மதியம் பன்னிரண்டரைக்கு அங்கே இடிபடாமல் நடக்க முடியாது.

புரூக் தெரு அடக்கத்தலத்தில் பாதுஷா பீர் அவர்களின் தர்கா இருக்கிறது. ட்ரூரோ கப்பலிலேயே கூலியாக வந்தவர் என்பது மரபு. 1895இல் இங்கு வந்த சூஃபி சாஹிப் அவர்கள்தான் அந்த அடக்க இடத்தை அடையாளம் கண்டு எழுப்பினார்கள். அங்கே சந்தனம் கொண்டு வருகிறவர்களில் பொட்டு வைத்த தாய்மார்கள் எத்தனையோ பேர். நாகூர் ஆண்டவர் சன்னிதியில் மொட்டையடித்துக்கொள்ளும் இந்துக்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. ஆனால் ஆகமப்பிரியன் ஐயா, உங்களுக்கு ஆறுதலாக ஒன்று சொல்கிறேன். எங்கள் பக்கத்திலும் ஓர் ஆகமப்பிரியன் உண்டு. தர்காவுக்குப் போவதே மார்க்கத்துக்கு விரோதம் என்று எங்கள் குடும்பத்திலேயே இருவர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். சங்கரானந்தர் உங்களை முஹர்ரமிலிருந்து அழைத்துச் சென்ற அதே காலத்திலிருந்து, எங்கள் ஆலிம்களில் சிலர் எங்களையும் அதிலிருந்து அழைத்துச் செல்லத்தான் பாடுபட்டார்கள். இரு கரையிலும் தூய்மை செய்தார்கள். நடுவில் இருந்த ஆறு வற்றிவிட்டது.

இசிப்பிங்கோ என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது வேறொரு வழக்கு. அந்த ஊர்க் கடற்கரைப் பகுதியில் ஒரு மதரஸாவின் பாங்கோசை தம் வீட்டு அமைதியைக் கெடுக்கிறது என்று பக்கத்து வீட்டு இந்து ஒருவர் வழக்குத் தொடுத்தார். அவர் வீட்டுக்குள் பாங்கு கேட்கக் கூடாது என்று 2020இல் டர்பன் உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. 2022 நவம்பரில் மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது, மகிழ்ச்சிதான். ஆனால் இரண்டு ஆண்டுகள் எங்கள் கடைக்கு வரும் இந்து வாடிக்கையாளரும் நாங்களும் அந்தப் பேச்சைத் தொடாமல் துணி அளந்துகொண்டிருந்தோம். அந்த மௌனத்தையும் நல்லிணக்கம் என்று கணக்கில் சேர்ப்பீர்களா என்று எனக்குத் தெரியவில்லை.

---

சட்ட மாணவன் எழுதியது:

பாய் அவர்கள் நீதிமன்றத்தைத் தொட்டதால் நானும் வருகிறேன். நம் மக்கள் இந்நாட்டில் மதம் தொடர்பாக நீதிமன்றப் படியேறியதற்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அதன் முதல் பெரிய அதிர்ச்சி ஒரு முஸ்லிம் தம்பதியின் வழக்கிலிருந்து வந்தது. 1913 மார்ச் 14ஆம் நாள் கேப் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் வழங்கிய தீர்ப்பு, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவு செய்யப்படாத திருமணங்களைச் சட்டத்தின் கண்ணில் செல்லாதவை ஆக்கியது. மனைவியாக நாட்டுக்குள் நுழைய முடியாமல் போனவர் ஒரு முஸ்லிம் பெண். ஆனால் அந்தத் தீர்ப்பால் தாலி கட்டிக்கொண்ட ஒவ்வொரு தமிழ்ப் பெண்ணும் ஒரே நாளில் மனைவி என்ற நிலையை இழந்தாள். அதன் பிறகுதான் திரான்ஸ்வால் தமிழ்ப் பெண்கள் எல்லை தாண்டி நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் போய் வேலைநிறுத்தம் செய்யச் சொன்னார்கள். சிறைக் காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22ஆம் நாள் பதினாறு வயதில் இறந்த தில்லையாடி வள்ளியம்மையை நாம் தியாகியாக வணங்குகிறோம். அவர் எந்த வழக்கின் விளைவாகச் சிறை சென்றார் என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். 1914ஆம் ஆண்டு இந்தியர் நிவாரணச் சட்டம் ஒருதார மணங்களை ஏற்றது இரு மதத்தாருக்கும் சேர்த்துத்தான்.

அடுத்தது, ஆகமப்பிரியன் ஐயாவின் வாதத்துக்கு நேரடியாகப் பதில் சொல்லும் வழக்கு. டர்பனில் ஒரு தமிழ் மாணவி மூக்குத்தி அணிந்து பள்ளிக்கு வந்தாள். சீருடை விதியில் அதற்கு இடமில்லை என்றார்கள். அது கட்டாயச் சமயக் கடமை அல்லவே, வெறும் வழக்கம்தானே என்பதுதான் எதிர்வாதம். குடும்பத்துப் பெரிய மனுஷி பெண்ணுக்குப் பருவம் வந்தபோது பொன் மூக்குத்தி அணிவித்து, பதினாறு வயதில் அதை வைரமாக மாற்றுவார் என்பதெல்லாம் அந்த வழக்கில் சாட்சியமாக வந்திருக்கிறது. 2007 அக்டோபர் 5ஆம் நாள் அரசியலமைப்பு நீதிமன்றம் மாணவியின் பக்கம் தீர்ப்பளித்தது. கட்டாயமில்லாமல், விரும்பிப் பின்பற்றும் வழக்கமும் பாதுகாப்புக்கு உரியதே என்பது அதன் சாரம். சாத்திரம் விதித்ததா என்பதைவிட, அந்த மனிதருக்கு அது எவ்வளவு முக்கியம் என்பதை நீதிமன்றம் பார்த்தது. அந்த அளவுகோலை இசிப்பிங்கோவுக்கு வைத்துப் பாருங்கள். புனித வெள்ளி ஆகமத்தில் இல்லாமல் இருக்கலாம். நூற்றைம்பது ஆண்டுகள் பால்குடம் சுமந்த தலைகளில் இருக்கிறது.

இழைக்குச் சற்றே வெளியே ஒரு வார்த்தை. மதிப்பும் ஊக்கமும் பெற வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழை நம் அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. நாம் அதை அழைப்பிதழின் தலைப்பில் ஒரு பிள்ளையார் சுழியாக மட்டும் வைத்திருக்கிறோம்.

---

போதகர் மகள் எழுதியது:

இந்த இழையில் நான்தான் “கரைந்துபோன” பக்கம் போலிருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். தமிழ்க் கிறிஸ்தவம் இங்கே நேற்று முளைத்தது அல்ல. ஒப்பந்தக் கப்பல்களிலேயே கிறிஸ்தவர்கள் வந்தார்கள். இலங்கையில் ஊழியம் செய்து தமிழ் பழகிய ரால்ஃப் ஸ்டாட் என்ற மெதடிஸ்த போதகர் 1862இலேயே நேட்டாலுக்கு வந்துவிட்டார். ஆனால் எங்கள் குடும்பத்தைப் பொறுத்தவரை ஐயா சொன்னது உண்மை. என் தாத்தா உம்பிலோக் கோயிலில் தீ மிதித்தவர். என் அப்பா பெந்தெகொஸ்தே சபைப் போதகர்.

நடுவில் என்ன நடந்தது என்பதைக் கேளுங்கள். இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த 1950ஆம் ஆண்டுக் குழுப்பகுதிச் சட்டத்தால் அறுபதுகளில் எங்கள் குடும்பத்தைக் கேட்டோ மேனரிலிருந்து பெயர்த்து சாட்ஸ்வொர்த்தில் போட்டார்கள். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து வாழ்ந்த வீடு போய், பெரியப்பா ஒரு பிரிவில், அத்தை வேறொரு பிரிவில் என்று சிறு சிறு வீடுகளில் சிதறினார்கள். நடந்து போகும் தூரத்தில் கோயில் இல்லை. அப்பாவுக்கு எட்டு வயதில் கடுமையான இழுப்பு வந்தபோது கதவைத் தட்டிவந்து இரவு முழுவதும் அருகில் உட்கார்ந்து தமிழில் ஜெபித்தவர்கள் ஒரு சிறு சபையைச் சேர்ந்தவர்கள். கோயில்காரர்கள் யாரும் வரவில்லை என்று நான் குற்றம் சாட்டவில்லை. அவர்களும் அப்போது தங்கள் சாமியை வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். யார் கரைத்தார்கள் என்று கணக்குப் பார்க்கும்போது, அரசாங்க புல்டோசரையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

நல்லிணக்கம் எளிதாகவும் இல்லை. என் ஆயா இறந்தபோது பதினாறாம் நாள் காரியத்தில் அப்பா கற்பூரத் தட்டைத் தொடவில்லை. தலைமகன் அவர்தான். பெரியம்மா எல்லோர் முன்னிலையிலும், “பெத்தவளுக்கு ஒரு சூடம் காட்டக் கையில்லையா உனக்கு?” என்று கேட்டார். அப்பா பதில் பேசாமல் பின்கட்டுக்குப் போய் நின்றார். மூன்று ஆண்டுகள் இரு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை.

பிறகு எப்படிச் சரியானது என்றால், யாரும் கூடிப் பேசி இறையியல் முடிவு எதற்கும் வரவில்லை. ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை பெரியம்மா எங்களை உணவுக்கு அழைத்தார். நாங்கள் தயங்கினோம், ஏனென்றால் படைத்ததை அப்பா உண்ண மாட்டார். போய்ப் பார்த்தால், அடுப்பங்கரை மேசையில் வெள்ளைத் துணி போட்டு மூடிய ஐந்து பாத்திரங்கள் தனியாக இருந்தன. விளக்கேற்றிப் படைப்பதற்கு முன்பே, அடுப்பிலிருந்து இறக்கிய சோறு, சாம்பார், அவரைக் கறி, வடை, பாயசம் எல்லாவற்றிலும் எங்களுக்கென்று எடுத்து வைத்துவிட்டிருந்தார். “இது சாமிக்குக் காட்டாதது, உன் அப்பனுக்குச் சொல்லு” என்று என் காதில் சொன்னார். அப்பா உண்டார். இரண்டாம் முறை சாம்பார் கேட்டார். இருபது ஆண்டுகளாக அப்படித்தான் நடக்கிறது. எங்கள் கிறிஸ்துமஸ் விருந்துக்குப் பெரியம்மா வரும்போது, இறைச்சி படாத கரண்டியையும் சட்டியையும் அம்மா தனியே கழுவிக் கவிழ்த்து வைப்பார். முஸ்லிம் வீட்டில் மணமுடித்த என் சித்தப்பா மகள் வந்தால் ஹலால் கோழிக்கு மூன்றாவது சட்டி.

அப்பா இன்றும் மாரியம்மனை ஏற்கவில்லை. பெரியம்மா இன்றும் அப்பா வழிதவறிவிட்டதாகத்தான் நினைக்கிறார்.

---

ஸ்டாங்கர்வாசி எழுதியது:

எல்லோரும் அருமையாக எழுதியிருக்கிறீர்கள். படித்து முடித்தபோது ஒன்று உறுத்தியது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று மூன்று சட்டிகளும் இந்தியர் வீட்டு அடுப்பிலேயே இருக்கின்றன. நாம் வாழ்வது யாருடைய மண்ணில்?

ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் இடையே 1949 ஜனவரியில் மூண்ட கலவரத்தில் டர்பனில் 142 பேர் இறந்தார்கள். ஆப்பிரிக்கர்களே அதிகம், அடுத்து இந்தியர்கள். 1985இல் இனாண்டாவில் காந்தியின் பீனிக்ஸ் குடியிருப்பு சூறையாடப்பட்டது. 2021 ஜூலைக் கலவரத்தில், இந்தியர் பெருவாரியாக வாழும் பீனிக்ஸ் நகரில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதில், இறந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள். இவை மதச் சண்டைகள் அல்ல என்று சொல்லித் தப்பிக்கலாம். அதே இனாண்டாவில் ஜூலு கல்வியாளர் ஜான் டூபேயின் ஒஹ்லாங்கே பள்ளியும், காந்தியின் குடியிருப்பும், ஜூலு மக்களிடையே தனிச் சபை நிறுவிய ஏசாயா ஷெம்பேயின் எகுபகாமேனித் தலமும் ஒன்றுக்கொன்று அருகருகே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தன. காந்தியின் இடத்துக்கு நம்மவர்கள் பேருந்து பிடித்துப் போகிறோம். பக்கத்தில், வெள்ளை அங்கி அணிந்து ஆயிரக்கணக்கானோர் கூடும் ஷெம்பே தலத்துக்குள் எட்டிப் பார்த்தவர்கள் இந்த இழையில் எத்தனை பேர்?

என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். பதினெட்டு ஆண்டுகள் எங்கள் வீட்டில் வேலை செய்த அம்மா ஷெம்பே சபையைச் சேர்ந்தவர். எங்கள் குத்துவிளக்கை எலுமிச்சை போட்டுத் துலக்குவதில் அவருக்கு இணை யாரும் இல்லை. அவர்களுக்குச் சனிக்கிழமைதான் ஓய்வு நாள். அன்று அடுப்புகூடப் பற்றவைக்க மாட்டார்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகள் நான்கிலும் அவரை வேலைக்கு வரச் சொன்னோம். அவரும் வந்தார். இதை நான் அறிந்தது அவர் ஓய்வு பெற்ற பிறகு, அவர் மகள் சொல்லித்தான்.

---

ஆகமப்பிரியன் எழுதியது:

ஸ்டாங்கர்வாசி எழுதியதைப் படித்துவிட்டு நேற்று எதுவும் எழுதாமல் இருந்தேன். எங்கள் வீட்டிலும் சனிக்கிழமைகளில் ஓர் அம்மா வருகிறார். எந்தச் சபை என்று நானும் கேட்டதில்லை. கேட்டேன். சீயோன் சபையாம், அவருக்கு ஞாயிறுதான். நல்லவேளை என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காகப் பிறகு கூசினேன்.

திருவிழா நாள் குறித்து என் கருத்தை முழுவதும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் சமயபுரம் தேரை நான் மறந்தது பிழை. ஒரு சிறிய வேண்டுகோள் மட்டும்: திருவிழாவுக்குப் போகும் அழைப்பிதழ்களில் ‘குட் ஃப்ரைடே’ என்பதோடு தமிழ் மாதமும் திதியும் சேர்த்து அச்சிடலாமே. கீழே கூடச் சிறிய எழுத்தில் போடட்டும்.

---

மதுரைக்காரன் எழுதியது:

விருதுநகர் எங்கள் வீட்டிலிருந்து முப்பது மைல்கூட இல்லை, அக்கா. பங்குனிப் பொங்கலுக்குச் சிறுவயதில் மாமா வீட்டுக்குப் போயிருக்கிறேன். எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

இந்த ஆண்டு எங்கள் குடியிருப்பிலிருந்து இசிப்பிங்கோவுக்கு ஒரு பேருந்து ஏற்பாடு செய்கிறோம். அழைப்பிதழை நான்தான் தட்டச்சு செய்கிறேன். ஐயா கேட்டபடி தமிழ் மாதத்தையும் திதியையும் போடுகிறேன், சிறிய எழுத்தில் அல்ல, மேலேயே. பேருந்து காலை நான்கு மணிக்குப் புறப்படும். வரிசையில் என் பின்னால் நின்ற இளைஞரின் எண் என்னிடம் இருக்கிறது, பேசினேன். குழந்தையோடு வருகிறார், பிற்பகல் இரண்டுக்குள் திரும்பிவிட வேண்டுமாம். அவர் மனைவியும் உடன் வருவார், கோயிலுக்குள் வர மாட்டார், வெளியே மரத்தடியில் இருப்பார். எனவே கட்டுச்சோறு கொண்டு வருபவர்கள் அவருக்கென்று படைக்காத ஒரு பொட்டலம் தனியாக வைத்துக்கொள்ளவும்.

---

சாட்ஸ்வொர்த் ஆசிரியை எழுதியது:

நான்கு மணி என்று போட்டால் நம்மவர்கள் நாலரைக்கு வருவார்கள். மூன்றரை என்று போடுங்கள். பாலை முந்தின நாளே வாங்கிவிடச் சொல்லுங்கள். அன்று விடியற்காலையில் கடை திறந்திருக்காது. பொட்டலம் நான் கொண்டு வருகிறேன், புளிச்சோறு. அந்தப் பெண் காரம் சாப்பிடுவாளா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.